வாக்கி டாக்கியும் பிஓசி செட்டும் ஒரே குழுவில்: தொடங்குபவர்களுக்குப் படிப்படியாக

பட்டனை அழுத்தினால் பேசலாம், விட்டால் கேட்கலாம். பழைய வாக்கி டாக்கியும் சரி, இப்போது செக்யூரிட்டி ஆட்கள் முதல் லாரி டிரைவர்கள் வரை பலர் கையில் பார்க்கிற சிம் போட்ட பிஓசி (மொபைல் நெட்வொர்க் வழியாகப் பட்டன் அழுத்திப் பேசும்) செட்டும் சரி, வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும். உள்ளே நடப்பது வேறு.

வாக்கி டாக்கியில் உங்கள் குரல் ஒரு செட்டிலிருந்து இன்னொரு செட்டுக்கு நேராகப் போகிறது. நடுவில் ஏதாவது இருந்தால் அது நாமே வைத்த ரிப்பீட்டராகத்தான் (சிக்னலை வாங்கி வலுவாக்கித் திரும்ப அனுப்பும் கருவி) இருக்கும். பிஓசியில் குரல் மொபைல் டவருக்குப் போய், இணையம் வழியாக எங்கோ இருக்கும் சர்வரைத் தொட்டு, மறுபடி ஒரு டவர் வழியாகக் கேட்பவரிடம் வருகிறது. அதனால் டவர் படுத்துவிட்டால், பத்தடி தூரத்தில் நிற்கும் இரண்டு பேர்கூட பிஓசியில் பேசிக்கொள்ள முடியாது. அதே பிஓசியில் டவர் இருக்கும்வரை வால்பாறையும் சென்னையும் ஒரே தூரம்தான்.

"ரேடியோவெல்லாம் எதுக்குங்க, எல்லாத்தையும் பிஓசிக்கு மாத்திடுங்க" என்று விற்பவர்கள் சொல்வார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். ஆபத்து வந்தால் பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிட ரேடியோ, தூரத்தில் இருப்பவரோடு வேலை பேச பிஓசி, இரண்டுக்கும் நடுவே ஒரே ஒரு இணைப்பு. இந்த அமைப்பை எப்படிச் செய்வது என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

உதாரணத்துக்கு வால்பாறைப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டை வைத்துக்கொள்வோம். பொள்ளாச்சியிலிருந்து 64 கிலோமீட்டர், ஆழியாறு தாண்டினால் 40 கொண்டை ஊசி வளைவுகள், சுற்றிலும் ஆனைமலை புலிகள் காப்பகம். தேயிலைக் காட்டில் ஒரு மேட்டில் சிக்னல் வரும், அடுத்த பள்ளத்தில் வராது. யானை நடமாட்டம் உண்டு. பேக்டரி ராத்திரியிலும் ஓடும். தூள் ஏற்றிய லாரி கோவைக்கு இறங்கும், ஆபீசும் கோவையில்தான். உங்களுடையது கல்குவாரியாகவோ கல்லூரி வளாகமாகவோ இருக்கலாம். வழிமுறை அதேதான்.

படி 1: யார் யாரோடு பேச வேண்டும்?

செட் வாங்குவதற்கு முன் ஒரு நோட்டில் எல்லா ஆட்களையும் எழுதுங்கள். ஒவ்வொருவருக்கும் எதிரே இரண்டு கேள்வி: இவர் யாரை அவசரத்துக்குக் கூப்பிடுவார்? அந்த நேரத்தில் டவர் இல்லை என்றால் என்ன ஆகும்?

எஸ்டேட்டில் காட்டு சூப்பர்வைசர்கள், வாட்ச்மேன்கள், இலை லாரி டிரைவர், பேக்டரி ஷிப்ட் ஆள் எல்லோருக்கும் இரண்டாவது கேள்விக்கு "யாருக்காவது உயிராபத்து" என்றுதான் பதில் வரும். அவர்களுக்கு ரேடியோ. கோவைக்கு இறங்கும் லாரி டிரைவருக்கும் ஆபீஸுக்கும் பிஓசி. மேனேஜர், பேக்டரி ஆபீஸ், ஆம்புலன்ஸ் டிரைவர் ஆகிய மூவருக்கு மட்டும் இரண்டும். இரண்டு செட் சுமப்பவர்கள் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது.

படி 2: நடந்து பார்த்துச் சிக்னல் வரைபடம் போடுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். நீங்கள் வாங்கப்போகும் ஒவ்வொரு மொபைல் கம்பெனியின் சிம்மையும் போன்களில் போட்டுக்கொண்டு எல்லா இடத்துக்கும் போங்கள். மேலே தெரியும் கட்டங்களை நம்ப வேண்டாம். ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸ் போய், போனைப் பற்றிய பகுதியில் சிம் நிலவரத்தைத் திறந்தால் சிக்னல் அளவு டிபிஎம் என்று எண்ணாக வரும். 4ஜியில் மைனஸ் 90 பக்கம் இருந்தால் நல்லது, மைனஸ் 110 பலவீனம், மைனஸ் 120 என்றால் அந்த இடத்தில் பிஓசியை மறந்துவிடலாம். ஒவ்வொரு இடத்திலும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கரண்ட் போன நாளில் எவ்வளவு நேரம் கழித்து சிக்னல் போகிறது என்பதையும் குறியுங்கள். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரை கடந்தபோது டெல்டா மாவட்டங்களில் கரண்ட் இல்லாமல் டவர்களும் அடங்கிப்போனது நினைவிருக்கும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையிலேயே அது நடந்தது. மலையில் அதற்குப் புயல் தேவையில்லை, ஒரு மரம் மின்கம்பியில் விழுந்தால் போதும்.

ரேடியோவுக்கும் ஒரு கணக்கு உண்டு. ஆன்டெனாவின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.1ஆல் பெருக்கினால் அது எட்டும் தூரம் கிலோமீட்டரில் கிடைக்கும். இரண்டு முனைக்கும் கணக்கிட்டுக் கூட்ட வேண்டும். கையில் பிடித்த செட் ஒன்றரை மீட்டர் உயரம், அதாவது 5 கிலோமீட்டர். இரண்டு செட்டுக்கும் சேர்த்து 10. ஒரு முனை 25 மீட்டர் உயரத்தில் இருந்தால் 20 கூட்டல் 5, ஆக 25. இதெல்லாம் தடையே இல்லாத சமவெளிக் கணக்கு. நடுவில் ஒரு மலைமுகடு வந்தால் ஒரு கிலோமீட்டர்கூடப் போகாமல் நின்றுவிடலாம். அதனால்தான் மலையில் ரிப்பீட்டர் எங்கே இருக்கிறது என்பது செட்டின் விலையைவிட முக்கியம்.

படி 3: உரிமம்

இந்தியாவில் 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரையிலான குறைந்த சக்தி செட்டுகளுக்கு 2018 விதிகளின்படி தனி உரிமம் வேண்டாம். ஆனால் அந்த மாடலுக்கு ஈடிஏ எனப்படும் கருவி ஒப்புதல் இருக்க வேண்டும். ஒரு கட்டடத்துக்குள், ஒரு கல்யாண மண்டபத்துக்குள் இவை போதும். எஸ்டேட்டுக்குப் போதாது. நான்கைந்து வாட் செட், ரிப்பீட்டர் என்று போனால் தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூபிசி பிரிவில் அலைவரிசை ஒதுக்கீடும் உரிமமும் வாங்க வேண்டும். சரள் சஞ்சார் இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். நேரம் எடுக்கும், அதனால் இதை முதலில் தொடங்கிவிடுங்கள்.

ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும் செட்டை வாங்கி இஷ்டப்பட்ட அலைவரிசையில் பேசுவது சட்டப்படி குற்றம், அடுத்தவருடைய அவசரப் பேச்சிலும் போய் விழும். இணையக் கடைகள் இப்படி விற்பதைக் கட்டுப்படுத்த மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2025இல் தனி வழிகாட்டுதலே வெளியிட்டது.

பிஓசி ஓடுவது மொபைல் கம்பெனியின் அலைவரிசையில் என்பதால் நீங்கள் தனியாக அலைவரிசை வாங்க வேண்டியதில்லை. சிம்கள் மட்டும் நிறுவனத்தின் பெயரில் முறையாக இருக்கட்டும்.

படி 4: முதலில் ரேடியோ

அடர்ந்த மரம், மேடு பள்ளம் என்றால் 136–174 மெகாஹெர்ட்ஸ் விஎச்எப் நல்லது. இலைதழை அதைக் குறைவாகவே விழுங்கும். கான்கிரீட் கட்டடம், இயந்திரங்களுக்கு நடுவே என்றால் 400–470 யுஎச்எப். எஸ்டேட்டுக்கு என் தேர்வு விஎச்எப்.

அனலாகா, டிஜிட்டலா என்று கேட்டால் டிஎம்ஆர் வகை டிஜிட்டலைச் சொல்வேன். ஒரே 12.5 கிலோஹெர்ட்ஸ் சேனலை அது நேரத்தால் இரண்டாகப் பிரித்துக்கொள்ளும். ஒரு ரிப்பீட்டரில் ஒரே சமயத்தில் இரண்டு பேச்சு நடக்கும். ஆனால் ஒன்று தெரிந்திருக்க வேண்டும்: அனலாகில் தூரம் போகப் போக இரைச்சல் கூடி முன்கூட்டியே எச்சரிக்கும், டிஜிட்டலில் கடைசிவரை தெளிவாகக் கேட்டு, சட்டென்று அறுந்துவிடும். எந்த வளைவில் அறுகிறது என்று ஆட்களுக்குத் தெரிந்திருக்கட்டும்.

சேனல்களை மூன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். முதல் சேனல் காடு, இரண்டாவது சேனல் பேக்டரியும் வண்டிகளும், மூன்றாவது ரிப்பீட்டர் இல்லாமல் செட்டுக்குச் செட்டு நேராகப் பேசும் சேனல். ரிப்பீட்டர் கெட்டுப்போனால் எல்லோரும் மூன்றுக்கு மாற வேண்டும் என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். ரிப்பீட்டருக்கு பேட்டரி பேக்கப்பும் நல்ல இடிதாங்கியும் வையுங்கள். ஒருவரே தொடர்ந்து பேசினால் 60 நொடியில் தானாக நிற்கும்படி டைமர் போடுங்கள். பட்டன் எங்கேயாவது அழுந்திக்கொண்டிருந்து சேனல் முழுக்க அடைபடுவது அடிக்கடி நடக்கும்.

படி 5: அப்புறம் பிஓசி

சாதாரண போனில் செயலியைப் போட்டும் பேசலாம். ஆபீசில் உட்கார்ந்திருப்பவருக்கு அது போதும். லாரிக்கும் வெளிவேலைக்கும் தனி பட்டனும் உரத்த ஸ்பீக்கரும் உள்ள பிஓசி செட்டே சரி. இரண்டு சிம், இரண்டும் வேறு வேறு கம்பெனி. படி 2இல் எழுதிய எண்கள் இங்கேதான் உதவும்.

செயலியாக வைத்தால் பேட்டரி சேமிப்பு அமைப்பிலிருந்து அதை விலக்கிவிடுங்கள். ஆண்ட்ராய்டு பின்னணியில் செயலியைத் தூங்க வைத்துவிடும். "கூப்பிட்டேன், பதிலே வரல" என்கிற புகாரில் பலவற்றுக்கு இதுதான் காரணம். டேட்டா செலவைப் பற்றிக் கவலை வேண்டாம். குரல் நொடிக்கு 16 கிலோபிட் என்று வைத்தால், ஒரு மணி நேரம் விடாமல் பேசினாலும் 7 எம்பி சொச்சம்தான், குரலோடு கூடவே போகும் மற்றத் தகவல்களும் சேர்ந்தால் அதைப்போல இரண்டு மூன்று மடங்கு.

டிரைவருக்கு: வண்டி ஓட்டும்போது கையில் பிடித்துப் பேசுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 184ஆம் பிரிவின்படி குற்றம். செட்டை டேஷ்போர்டில் பொருத்துங்கள். கேட்டுக்கொண்டு ஓட்டலாம், பதில் சொல்ல ஓரமாக நிறுத்த வேண்டும். கொண்டை ஊசி வளைவில் ஆபீஸ் கூப்பிட்டால் பதில் வராது என்பதை ஆபீஸும் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

இன்னொன்றும் யோசியுங்கள். பிஓசி என்பது இன்னொருவர் நடத்தும் சேவை. அமெரிக்காவில் நெக்ஸ்டெல் என்ற மொபைல் கம்பெனி, பட்டனை அழுத்திப் பேசும் வசதியால்தான் பெயர் வாங்கியது. அதன் பழைய நெட்வொர்க்கை, அதை வாங்கிய ஸ்பிரிண்ட் கம்பெனி 2013 ஜூன் 30 அன்று மூடியபோது அதை நம்பியிருந்தவர்கள் எல்லோரும் மாற வேண்டியதாயிற்று. ஆயுள் முழுக்க என்று சொல்லி மொத்தப் பணத்தையும் முன்கூட்டியே கட்டச் சொன்னால் யோசித்துச் செய்யுங்கள்.

படி 6: இரண்டையும் இணைக்கும் கேட்வே

ரேடியோ ஓவர் ஐபி கேட்வே என்பது ஒரு சின்னப் பெட்டி. அதோடு ஒரு ரேடியோ செட்டை நிரந்தரமாகக் கட்டிவைப்போம். ரேடியோவில் வரும் குரலைப் பெட்டி வாங்கி பிஓசி குரூப்புக்கு அனுப்பும். பிஓசியில் யாராவது பேசினால், அந்த செட்டின் பட்டனைத் தானே அழுத்திக் குரலை ரேடியோவில் விடும். பிராட்பேண்டும் பேட்டரி பேக்கப்பும் உள்ள பேக்டரி ஆபீஸ் இதற்கு ஏற்ற இடம்.

வாங்குவதற்கு முன், உங்கள் ரேடியோ உரிமம் இப்படிப் பொது நெட்வொர்க்கோடு இணைக்க அனுமதிக்கிறதா என்று உரிமம் கொடுத்த அலுவலகத்திலேயே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இல்லையென்றால் கேட்வே வேண்டாம். பேக்டரி ஆபீசில் இருப்பவர் ஒரு செட்டில் கேட்டு இன்னொன்றில் சொல்லட்டும். அது ஒன்றும் குறைந்த வழியல்ல.

அனுமதி இருந்தால், இரண்டாவது சேனலை மட்டும் இணையுங்கள். காட்டுச் சேனலை ஒருபோதும் இணைக்காதீர்கள். ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். கோவையில் லாரி டிரைவர் லோடு எடை சொல்லிக்கொண்டிருக்கும் அந்தப் பத்து நொடியில், காட்டில் யானையைப் பார்த்தவருக்குச் சேனல் கிடைக்காமல் போகும்.

கேட்வேயைப் பொருத்தும்போது இவற்றைக் கவனியுங்கள்:

- சத்தம் கேட்டால் தானாகத் திறக்கும் வாக்ஸ் முறையைத் தவிருங்கள். பேக்டரியின் மின்விசிறிச் சத்தமே அதைத் திறந்துவிடும். ரேடியோ சிக்னல் வந்ததா என்று செட்டே கம்பி வழியாகச் சொல்லும் முறையில் கட்டுங்கள்.
- ஒரே குரூப்பை இரண்டு இடத்தில் இணைக்காதீர்கள். ஒன்றில் போன குரல் இன்னொன்றில் திரும்பி வந்து சுற்றிக்கொண்டே இருக்கும்.
- ஒரே அறையில் ரேடியோவும் பிஓசியும் திறந்திருந்தால் ஊளைச் சத்தம் வரும். இரண்டும் வைத்திருப்பவர் ஒன்றின் ஒலியைக் குறைக்க வேண்டும்.
- பிஓசியிலிருந்து வரும் குரல் அரை நொடியிலிருந்து ஒரு நொடி வரை தாமதமாகும். காவல், தீயணைப்பு போன்ற துறைகளுக்காக 3ஜிபிபி என்ற சர்வதேச மொபைல் தர அமைப்பு 2016இல் முடிவு செய்த தரம், பட்டனை அழுத்திய 0.3 நொடிக்குள் பேச வழி கிடைக்க வேண்டும் என்கிறது. கடையில் கிடைக்கும் சாதாரண சேவையில் அந்த உத்தரவாதத்தை எதிர்பார்க்காதீர்கள்.

படி 7: பேசிப் பழகுங்கள்

அழுத்துங்கள், பீப் வரும்வரை பொறுங்கள், அப்புறம் பேசுங்கள். பீப்புக்கு முன்னால் பேசினால் முதல் சொல் விழுந்துவிடும். "மேல் ரோட்டுக்கு வா" என்பதில் "மேல்" விழுந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். அதனாலேயே முதலில் நாம் யாரைக் கூப்பிடுகிறோமோ அவர் பெயரை இரண்டு முறை சொல்கிறோம். ஒரு மாதிரி ("ஓவர்" என்றால் நான் முடித்தேன், நீங்கள் பேசுங்கள்; "ரோஜர்" என்றால் கேட்டுக்கொண்டேன்):

"பேக்டரி, பேக்டரி, மேல் டிவிஷன் பேசுறேன், ஓவர்."

"மேல் டிவிஷன், சொல்லுங்க, ஓவர்."

"பதினாலாம் நம்பர் காட்டுல ரெண்டு யானை, ஆத்துப் பக்கம் இறங்குது. ஆளுங்கள மேல் ரோட்டுக்கு அனுப்பிட்டேன். இலை லாரி இங்க வேண்டாம், ஓவர்."

"பதினாலாம் நம்பர், ரெண்டு யானை, லாரி அனுப்பல. ரோஜர்."

எங்கே, என்ன, என்ன செய்தாச்சு, என்ன வேண்டும். கேட்டவர் முக்கியமானதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். வெறும் "ரோஜர்" போதாது.

படி 8: இல்லாமல் செய்து பாருங்கள்

வாரத்தில் ஒரு நாள் காலை மஸ்டர் (ஆள் கணக்கெடுக்கும்) நேரத்தில் எல்லா செட்டையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பதிவு செய்யுங்கள். மாதம் ஒரு முறை வேண்டுமென்றே உடைத்துப் பாருங்கள்: ஒரு நாள் கேட்வேயின் இணையத்தைப் பிடுங்குங்கள், இன்னொரு நாள் ரிப்பீட்டரை அணையுங்கள். யாரெல்லாம் சொல்லாமலேயே மூன்றாம் சேனலுக்கு வந்தார்கள், யார் வரவில்லை என்று பாருங்கள். வராதவரைத் திட்டாதீர்கள், பக்கத்தில் நின்று சேனல் மாற்றிக் காட்டுங்கள்.

பேட்டரி பற்றி: செட் பெட்டியில் போட்டிருக்கும் மணிக்கணக்கு பெரும்பாலும் நேரத்தில் 5 சதவீதம் பேசி, 5 சதவீதம் கேட்டு, 90 சதவீதம் சும்மா இருந்தால் வரும் கணக்கு. பேச்சு அதிகமுள்ள ஷிப்டுக்கு ஆளுக்கொரு உபரி பேட்டரி வாங்கிவிடுங்கள். பிஓசி செட்டோ, சிக்னல் குறைந்த இடத்தில் டவரைத் தேடித் தேடியே பேட்டரியைத் தீர்த்துவிடும். மலை ஏறி இறங்கும் லாரியில் சார்ஜர் கட்டாயம். செட் தொலைந்தால் அன்றைக்கே அதன் கணக்கை பிஓசி குரூப்பிலிருந்து நீக்குங்கள், இல்லையென்றால் எடுத்தவர் உங்கள் பேச்சையெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பார்.

வால்பாறைப் பக்கம் தென்மேற்குப் பருவமழை ஜூனில் பிடிக்கும். முழு ஒத்திகையை மே மாதத்துக்குள் முடியுங்கள். ரிப்பீட்டர் ஆன்டெனா கேபிளின் இணைப்புகளில் தண்ணீர் புகாமல் சுற்றும் டேப்பையும் அப்போதே புதிதாகச் சுற்றிவிடுங்கள்.