உணவு வங்கிக்காக ஒரு ப்ளூஸ் விழா நடத்துவது எப்படி

அமெரிக்காவில் மெம்ஃபிஸ் நகரத்திலிருந்து தெற்கே இரண்டு மணி நேரம் கார் ஓட்டினால் எங்கள் ஊர் வரும். மிசிசிப்பி டெல்டாவில் பருத்தி வயல்களுக்கு நடுவே ஒரு சின்ன ஊர். நான் இங்கே மருந்துக் கடையில் வேலை பார்க்கிறேன். ஒன்பது வருடமாக ஊர் ப்ளூஸ் விழாவுக்கு, அதாவது இந்தப் பக்கத்துக் கறுப்பின மக்களின் ப்ளூஸ் இசைக்கான விழாவுக்கு, பொருளாளரும் நான்தான். மே மாத முதல் சனிக்கிழமை, பூங்காவில் ஒரு மேடை, ஐந்து குழுக்கள், இருபது இருபத்தைந்து ஓவியக் கடைகளும் கைவினைக் கடைகளும். செலவு போக மிஞ்சுவது, இல்லாதவர்களுக்கு உணவு கொடுக்கும் உள்ளூர் உணவு வங்கிக்கு. எங்கிருந்து தொடங்குவது என்று கேட்கும் நண்பர்களுக்காக இதை எழுதுகிறேன்.

பாடுகிறவர்களுக்கு எவ்வளவு கொடுக்கப் போகிறோம் என்பதைத்தான் முதலில் முடிவு செய்ய வேண்டும். இடம், தேதி, போஸ்டர் எல்லாம் அப்புறம். "தர்மத்துக்குத்தானே, சும்மா வந்து வாசிக்கட்டுமே" என்று கமிட்டியில் ஒருவராவது சொல்வார். ஒப்புக்கொள்ளாதீர்கள். கடைத் தேங்காயை எடுத்து வழிப் பிள்ளையாருக்கு உடைக்கிற வேலை அது. இந்த மண்ணில் அது ஏற்கெனவே நிறைய நடந்திருக்கிறது. மிசிசிப்பி ஜான் ஹர்ட் என்ற ப்ளூஸ் பாடகர் 1928இல் இசைத்தட்டுக்குப் பாடினார். பாடிவிட்டு அவலான் என்ற தன் ஊருக்குத் திரும்பி வயல் வேலைக்குப் போனார். 1963இல் ஒருவர் தேடிக்கொண்டு வரும்வரை வெளியுலகம் அவரை மறந்தே போயிருந்தது.

முதல் வருடம் நாங்களும் அந்தத் தப்பைச் செய்தோம். எழுபது வயது தாண்டிய கிதார்க்காரர் ஒருவர், தொண்ணூறு மைல் ஓட்டி வந்து ஒரு மணி நேரம் பாடினார். கைதட்டல் ஓய்ந்ததும் கிதார் ஒலியைப் பெருக்கும் ஆம்ப்பைத் தானே தூக்கி வண்டியில் வைத்தார். அப்புறம் என்னிடம் வந்து, மெதுவாக, "மிஸ் மாலா, பெட்ரோலுக்கு ஏதாவது இருக்குமா?" என்று கேட்டார். என் கைப்பையில் இருந்த இருபது டாலரைக் கொடுத்தேன். அதை வாங்கும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இப்போது தனியாகப் பாடுபவருக்கு 250 டாலர், நான்கு பேர் குழுவுக்கு 1000. வரிக்கான டபிள்யூ-9 படிவத்தைப் பேசி முடிக்கும்போதே எழுதி வாங்கிவிடுவேன். மேடையை விட்டு இறங்கும்போது படிக்கட்டிலேயே உறை கைக்கு வந்துவிட வேண்டும். செக் வேண்டாம் என்பவர்களுக்குப் பணமாகவே கொடுத்து, கையெழுத்து வாங்கிக்கொள்வேன்.

இந்தப் பணத்துக்கு உண்டியலை நம்பக் கூடாது. போஸ்டர் அடிக்கும் முன்பே ஊர்க் கடைகளில் திரட்டிவிட வேண்டும். எங்களுக்கு டயர் கடை, வங்கிக் கிளை, இறுதிச் சடங்கு நிலையம் மூன்றும் தவறாமல் கொடுக்கின்றன. "விழாவுக்கு நன்கொடை" என்று கேட்டால் ஐம்பது டாலர் கிடைக்கும். "நாலு மணிக் குழுவின் சம்பளம் உங்களுடையது, மேடையில் உங்கள் பெயரைச் சொல்வோம்" என்று கேட்டுப் பாருங்கள், ஆயிரம் வரும். எதற்குப் போகிறது என்று தெரிந்தால் கொடுக்கிற கை தாராளமாகிறது.

பாட்டுக்கான உரிமத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். யாருக்கும் சம்பளம் கிடையாது, அதோடு டிக்கெட்டும் கிடையாது அல்லது டிக்கெட்டில் வரும் லாபம் முழுக்கத் தர்மத்துக்கு என்றால் அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டம் பொதுவாக விலக்கு தருகிறது. சம்பளம் கொடுத்தால் அந்த விலக்கு போய்விடும், பாட்டு எழுதியவர்கள் சார்பில் பணம் வசூலிக்கும் ஆஸ்காப், பிஎம்ஐ போன்ற அமைப்புகளிடம் உரிமம் வாங்க வேண்டும். "பார், சம்பளம் கொடுக்காவிட்டால் இந்தச் செலவே இல்லை" என்று கமிட்டியில் மறுபடி ஒரு குரல் எழும். உரிமத்துக்குப் பணம் கட்டிவிடுங்கள். அதைக் கட்டுவது விழாக் குழுவின் பொறுப்பு, பாடகர் தலையில் கட்டக் கூடாது.

தேதியைப் பொறுத்தவரை, ஏப்ரலில் கிளார்க்ஸ்டேலில் ஜூக் ஜாயின்ட் விழா, அக்டோபரில் ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஹெலினாவில் கிங் பிஸ்கட் விழா. அந்த வாரங்களில் பாடகரும் கிடைக்க மாட்டார், மைக் செட்டும் கிடைக்காது. ஜூலை, ஆகஸ்ட் வெயிலில் வயதானவர்களை மேடையேற்றுவது பாவம்.

கரண்ட் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் விழா படுத்துவிடுவது பெரும்பாலும் இங்கேதான். இங்கே ஒரு சாதாரண லைன் 120 வோல்ட், 20 ஆம்பியர். கணக்குப்படி 2400 வாட். தொடர்ந்து ஓடும் சாமான்களுக்கு அதில் எண்பது சதவீதம், அதாவது 1920 வாட்தான் பாதுகாப்பு. மூன்றாவது வருடம் ஐஸ் கோலா விற்றவர் தன் இயந்திரத்தை மேடை லைனில் செருகிவிட்டார். மவுத் ஆர்கன் வாசிப்பவர் கண்ணை மூடிக்கொண்டு ஒரு நீண்ட சுரத்தை இழுத்துக்கொண்டிருந்தார். சட்டென்று பிரேக்கர் விழுந்து ஆம்ப் அடங்கியது. பிரேக்கர் பெட்டி பூட்டிய அறைக்குள், சாவி வைத்திருந்தவர் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போயிருந்தார். பதினோரு நிமிடம் ஆனது. இப்போது மேடைக்குத் தனி லைன், சாப்பாட்டுக் கடைகளுக்குத் தனி லைன். மேடை பிளக்குகளில் சிவப்பு டேப் ஒட்டியிருக்கும். சாவி காலையிலிருந்து என் கழுத்தில்.

ஒரு குழு இறங்கி அடுத்தது ஏற அரை மணி நேரம் விடுங்கள். யார் எங்கே நிற்பார், எத்தனை மைக் வேண்டும் என்று ஒவ்வொரு குழுவிடமும் படம் வரைந்து வாங்கி, ஒரு வாரம் முன்பே மைக் செட்காரர் கையில் கொடுத்துவிடுங்கள்.

ஓவியக் கடைகளை ஸ்பீக்கருக்கு நேர் எதிரே போடாதீர்கள். வாங்க வருகிறவர் ஓவியரோடு பேச முடிய வேண்டும். மேடைக்கும் பொரித்த மீன் கடைக்கும் இடையே உள்ள நடைபாதையில் போட்டால் எல்லோரும் கடந்து போவார்கள். பத்தடிக்குப் பத்தடிக் கூடாரம், ஒவ்வொரு காலுக்கும் பதினெட்டு கிலோ எடை கட்டாயம். காற்று அடித்தால் பறப்பது கூடாரம் மட்டுமல்ல, ஒருவருடைய ஆறு மாத உழைப்பு.

ஏலத்துக்கு ஓவியத்தை இலவசமாகக் கேட்பதிலும் கவனம் வேண்டும். 400 டாலர் ஓவியத்தை ஓவியரே தானமாகக் கொடுத்தால், வரிக் கணக்கில் அவர் காட்ட முடிவது கேன்வாசுக்கும் வண்ணத்துக்கும் ஆன செலவை மட்டும்தான். அவருடைய உழைப்புக்குக் கணக்கே இல்லை. அதனால் ஏலத் தொகையில் பாதி அவருக்கு, பாதி உணவு வங்கிக்கு என்று வைத்திருக்கிறோம். அதற்குப் பிறகு ஒட்டுத்துணிப் போர்வை தைக்கும் பாட்டிமார்கள் தங்கள் நல்ல வேலைப்பாட்டையே கொண்டுவருகிறார்கள்.

ப்ளூஸோடு ஓவியம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு லீலேண்ட் ஊர் ஜேம்ஸ் சன் தாமஸைப் பற்றிச் சொல்வேன். புதைகுழி தோண்டுவது அவர் தொழிலாக இருந்தது. மாலையில் கிதார் வாசித்துப் பாடுவார். களிமண்ணில் மண்டையோடு செய்து, அதில் உண்மையான பற்களைப் பதிப்பார். அந்தச் சிற்பங்கள் 1982இல் வாஷிங்டன் கோர்கோரன் கலைக்கூடத்தில் காட்சிக்குப் போயின. பாட்டும் களிமண்ணும் ஒரே கையிலிருந்து வந்தவை.

குழந்தைகளுக்கு டிட்லி போ என்ற ஒற்றைக் கம்பி வாத்தியம் செய்யக் கற்றுக்கொடுங்கள். பழைய ப்ளூஸ் கலைஞர்கள் பலர் சிறுவயதில் முதலில் வாசித்தது அதைத்தான். அந்தக் காலத்தில் விளக்குமாற்றுக் கம்பியைப் பிரித்து வீட்டுச் சுவரில் அடிப்பார்கள். நாங்கள் மூன்றடிப் பலகையில் முனைக்கு ஒன்றாக இரண்டு ஆணி, நடுவே ஒரு கிதார் கம்பி என்று செய்கிறோம். கம்பிக்கு அடியில் ஒரு சின்னக் கண்ணாடிப் பாட்டிலைத் திணித்தால் கம்பி விறைக்கும். ஒரு கையால் மீட்டிக்கொண்டே இன்னொரு பாட்டிலை மேலே உருட்டினால் அழுகிற மாதிரி ஒரு குரல் எழும். முறுக்கும்போது கம்பி அறுந்து தெறிக்கலாம், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி மாட்டாமல் யாரையும் தொடவிடாதீர்கள்.

உண்டியலை வாசலில் ஒன்று, மீன் கடையருகே ஒன்று வையுங்கள். போர்ட்லண்டில் 1988இல் தொடங்கிய வாட்டர்ஃப்ரண்ட் ப்ளூஸ் விழாவில் உணவு டின்கள் கொண்டுவரச் சொல்லிக் கேட்பது வெகுகாலம் நடந்தது. நாங்களும் கேட்டுப் பார்த்தோம். தேதி முடிந்த சோள டின்களைப் பிரித்தெடுக்கவே இரண்டு நாள் போனது. பணமாக வந்தால் உணவு வங்கிக்காரர்கள் மொத்த விலையில் தேவையானதை வாங்கிக்கொள்வார்கள். எண்ணும்போது இரண்டு பேர் சேர்ந்து எண்ணி, இருவரும் கையெழுத்திட வேண்டும். வரவு செலவை நூலகப் பலகையில் ஒட்டிவிடுங்கள், பாடகர் சம்பளம் உட்பட.

இடி கேட்டால் மேடையை நிறுத்துங்கள், கடைசி இடிக்குப் பிறகு முப்பது நிமிடம் பொறுங்கள். யார் முணுமுணுத்தாலும் சரி.

அப்புறம், மேடையைக் கழற்றி முடிப்பதற்குள் மைக் செட்காரருக்கு அடுத்த வருடத் தேதியைச் சொல்லி முன்பணம் கொடுத்துவிடுங்கள். நான் அந்த உறையைப் பாடகர்களின் உறைகளோடு சேர்த்தே காலையில் எழுதி வைத்துவிடுகிறேன்.