அலாரத்துக்கு பீப் பீப் வேண்டாம், முணுமுணுக்க வரும் மெட்டை வையுங்கள்

அலாரம் அடித்து எழுந்தாச்சு, ஆனால் பல் தேய்க்கப் போனவர் பிரஷ்ஷைக் கையில் பிடித்தபடி அப்படியே நிற்கிறார். இது சோம்பேறித்தனம் இல்லை, தூக்கக் கலக்கம். கண் திறந்தாலும் மூளை மொத்தமும் ஒரே நொடியில் விழிப்பதில்லை. யோசித்து முடிவெடுக்க உதவும் முன்பகுதி மெதுவாகத்தான் வருகிறது. பெரும்பாலும் 15 முதல் 30 நிமிடம், தூக்கம் போதாத நாளில் அதற்கு மேலும் இழுக்கும். காலை ஷிப்டுக்காக எழுந்த பத்தாவது நிமிடமே பைக்கை எடுக்கிறவர்கள் இதைச் சாதாரணமாக விடாதீர்கள்.

சரி, போனில் இப்போது என்ன டோன் இருக்கிறது? மெல்பர்னில் உள்ள ஆர்எம்ஐடி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 50 பேரிடம், எந்த ஒலியில் எழுகிறீர்கள், எழுந்ததும் எப்படி இருக்கிறது என்று கேட்டு 2020இல் முடிவை வெளியிட்டார்கள். மெட்டுள்ளதாக உணர்ந்த ஒலியில் எழுந்தவர்கள், கலக்கம் குறைவு என்றார்கள். 50 பேர் சின்ன எண்ணிக்கைதான், அதுவும் அவரவர் வாயால் சொன்னது. ஆனால் டோனை மாற்றக் காசா பணமா?

பாட்டைத் தேர்ந்தெடுப்பதில்தான் கொஞ்சம் மெனக்கெட வேண்டும். கூடவே முணுமுணுக்க வருகிற மெட்டு, நிமிடத்துக்கு 100 முதல் 120 தட்டு வேகம், 500 ஹெர்ட்ஸை ஒட்டிய சுருதி என்பது அதே ஆய்வாளர்கள் சொல்லும் அளவு. வேகத்தைப் பார்க்க ஆப் எதுவும் வேண்டாம், பாட்டை ஓடவிட்டுத் தொடையில் தாளம் போடுங்கள், 15 விநாடியில் 25லிருந்து 30 தட்டு விழுந்தால் சரியான பாட்டு. தாலாட்டு தூங்க வைத்துவிடும், கீச்சென்று கத்துகிற டோனும் வேண்டாம். நம் பாட்டுகளில் பலவற்றுக்கு ஆரம்ப இசையே அரை நிமிடம் ஓடும், அது தூக்கத்தோடு கலந்துவிடும், அதனால் பல்லவி தொடங்கும் இடத்திலிருந்து வெட்டி வையுங்கள். அப்புறம் ஃபேன், ஏசி ஓடும்போதே படுத்துக்கொண்டு சத்தத்தைச் சோதியுங்கள், அதைத் தாண்டிக் கேட்க வேண்டும்.

ஸ்னூஸை அழுத்தாமல் பாட்டை முழுசாக ஓடவிடுங்கள், காபி போடும்போதும் ஓடட்டும். ஜப்பானில் 20 நிமிடக் குட்டித் தூக்கம் போட்டு எழுந்தவர்களுக்குப் பிடித்த பாட்டைப் போட்டுக் காட்டியபோது தூக்கக் கலக்கம் குறைந்தது. குடித்த காபி வேலை செய்ய எப்படியும் அரை மணி நேரம் ஆகும், அதுவரை துணைக்குப் பாட்டுதான்.

வீட்டில் காது மந்தமான பெரியவர்கள் இருந்தால் அவர்கள் போனையும் வாங்கிப் பாருங்கள். வயதானால் உயர்ந்த சுருதிதான் முதலில் காதில் விழாமல் போகிறது. புகை அலாரங்களை வைத்துச் செய்த ஆய்வுகளிலும், 3000 ஹெர்ட்ஸுக்கு மேல் கீச்சிடுவதைவிட 520 ஹெர்ட்ஸ் கனத்த ஒலிதான் தூங்குகிறவர்களை நன்றாக எழுப்பியது. அவர்களுக்குக் கனமான ஒலியாகத் தேடி வைத்துக் கொடுங்கள்.