இயற்கையோடு இசைந்து வாழ்தல்: ஸ்டோயிக்குகளைப் படிக்கும்போது சறுக்கும் இடங்கள்

கி.மு. 300 வாக்கில் ஏதென்ஸின் ஓவிய மண்டபத்தில் பாடம் நடத்தத் தொடங்கினார் தத்துவஞானி ஸீனோ. அவர் வழி வந்த தத்துவவாதிகள்தான் ஸ்டோயிக்குகள். அவர் காலம் முதல் கி.பி. 180இல் இறந்த ரோமப் பேரரசர் மார்கஸ் அரேலியஸ் வரை, ஸ்டோயிக்குகள் திரும்பத் திரும்பச் சொன்ன ஒன்று உண்டு: வாழ்க்கையின் இலக்கு இயற்கையோடு இசைந்து வாழ்வது. இன்று இந்த வரி பூங்கா படத்தின் மேலும் மலையருவி படத்தின் மேலும் அச்சாகி வாட்ஸப்பில் சுற்றுகிறது. சறுக்கல் அந்தப் படத்திலேயே ஆரம்பித்துவிடுகிறது.

நகரத்தை விட்டுவிட்டுக் காட்டுக்குப் போ, செருப்பைக் கழற்று, பச்சையாகச் சாப்பிடு என்று யாரும் சொல்லவில்லை. ரோம ஸ்டோயிக் எழுத்தாளர் செனெகா தன் ஐந்தாம் கடிதத்தில் இதை நேராகவே மறுக்கிறார். உடம்பை வதைப்பது, எளிய சுத்தத்தைக்கூட வெறுப்பது, அழுக்கைத் தேடிப் போவது, அருவருப்பான உணவைத் தின்பது இவையெல்லாம்தான் இயற்கைக்கு மாறானவை என்கிறார். பகட்டையும் அவர் விடவில்லை. குளிர்காலத்தில் ரோஜா கேட்பவர்களையும் மாளிகை உச்சியில் தோப்பு வளர்ப்பவர்களையும் வேறொரு கடிதத்தில் போட்டு வறுத்தெடுக்கிறார். அவரே ரோமின் பெரும் பணக்காரர்களில் ஒருவர் என்பது வேறு கதை. இந்தத் தவறைச் சுலபமாகத் திருத்திவிடலாம், இதற்கு மேல் நேரம் வேண்டாம்.

அடுத்தது அப்படியல்ல. ‘தானாக வருவது எதுவோ அதுதான் இயற்கை’ என்று எடுத்துக்கொள்வது. கோபம் வந்தது, கத்தினேன், அது இயல்புதானே? எல்லாரும் அப்படித்தானே? ஸ்டோயிக் ஆசிரியர் எபிக்டெட்டஸிடம் ஒரு அதிகாரி வந்து ஏறக்குறைய இதைத்தான் சொன்னார். அவருடைய சின்னப் பெண்ணுக்கு உடம்பு முடியாமல் போய், பிழைப்பாளோ என்ற நிலை. பக்கத்தில் இருந்து பார்க்கத் தாங்காமல் வீட்டை விட்டே ஓடிவிட்டார். குணமாகிவிட்டது என்று ஆள் வந்து சொன்ன பிறகுதான் திரும்பினார். ‘செய்தது சரியா?’ என்று கேட்டார் எபிக்டெட்டஸ். ‘இயல்பாகச் செய்தேன். அப்பாக்கள் எல்லாருக்கும், குறைந்தது பெரும்பாலானவர்களுக்கு, இப்படித்தான் இருக்கும்’ என்றார் வந்தவர்.

எபிக்டெட்டஸ் அதை மறுக்கவில்லை. நடக்கிறது என்பது உண்மை, ஆனால் சரியா என்பதுதான் கேள்வி என்றார். நடக்கிற காரணத்தாலேயே ஒன்று இயற்கைப்படி நல்லது என்றால், உடம்பில் வரும் கட்டியும் நல்லதாகிவிடும். பெரும்பாலோர் தவறு செய்வதால் தவறும் இயற்கையாகிவிடும். அப்புறம் ஒவ்வொன்றாகக் கேட்கத் தொடங்குகிறார். குழந்தையின் அம்மாவுக்குப் பாசம் இல்லையா? உண்டு. அப்படியானால் அவளும் போயிருக்க வேண்டுமா? வளர்த்த தாதி? அவளுக்கும் பாசம் உண்டே, அவளும் ஓடியிருக்க வேண்டுமா? இத்தனை பேரின் பாசத்தாலேயே அந்தக் குழந்தை தனியாகக் கிடந்து செத்திருக்கும் இல்லையா? கடைசிக் கேள்வி இன்னும் கூர்மை: நீ நோயில் விழுந்தால் உன்னை இப்படி நேசிக்கும் ஆட்கள் பக்கத்தில் இருப்பதை விரும்புவாயா? இந்த மாதிரி நேசத்தை உன் எதிரிகள் காட்டினால் தேவலை என்றுதானே வேண்டிக்கொள்வாய்?

இங்கே வேலை செய்யும் தர்க்கத்தைக் கவனிக்க வேண்டும். பாசம் வேண்டாம் என்று அவர் சொல்லவே இல்லை. பாசம் இயற்கை, அது நல்லது என்பதில் இருவருக்கும் ஒரே கருத்து. ஆனால் அந்தப் பாசம் குழந்தையின் கட்டிலருகே உட்கார வைக்க வேண்டுமே தவிர, வெளியே துரத்தக் கூடாது. மனிதனுக்கு இயற்கை என்பது முதல் உந்துதலோடு முடிந்துவிடுவதில்லை, அந்த உந்துதலை எடுத்துப் பார்த்து ‘இது எங்கே கொண்டுபோகிறது’ என்று கேட்கும் பகுத்தறிவும் அதே இயற்கையின் பங்குதான். விலங்கு தொடங்கும் இடத்தில் நாமும் தொடங்குகிறோம், அங்கேயே நின்றுவிடுவது வெட்கம் என்று எபிக்டெட்டஸே வேறோர் இடத்தில் சொல்கிறார்.

உயிர்கள் முதலில் தேடுவது இன்பத்தை அல்ல, தங்களைக் காத்துக்கொள்வதைத்தான் என்பது ஆரம்பகால ஸ்டோயிக்குகளில் ஒருவரான கிரைசிப்பஸின் வாதம். செனெகாவின் 121ஆம் கடிதத்தில் இதற்கு அழகான சான்று இருக்கிறது. நிற்கப் பழகும் குழந்தை விழுகிறது, அழுகிறது, அழுதுகொண்டே மறுபடி எழுகிறது. மல்லாக்க விழுந்த ஆமைக்கு வலி ஒன்றும் இல்லை. ஆனாலும் கால் ஊன்றும்வரை அது ஆடிக்கொண்டே இருக்கும். சுகம்தான் குறி என்றால் குழந்தை தவழ்ந்துகொண்டே இருந்திருக்கும். ‘மனசுக்குப் பிடித்ததைச் செய், அதுவே உன் இயற்கை’ என்று ஸ்டோயிக்குகளின் பெயரில் அறிவுரை சொல்பவர்கள் இந்தக் கடிதத்தைப் படித்தால் நல்லது.

இதற்கு நேர் எதிர்த் திசையிலும் சறுக்குகிறார்கள். பகுத்தறிவுதான் இயற்கை என்றால் உணர்ச்சியே கூடாது, கல்லாக இருக்க வேண்டும் என்பது. ரோம எழுத்தாளர் ஆலஸ் கெல்லியஸ் சொல்லும், அவரே போன ஒரு கப்பல் பயணம் இதற்கு நல்ல மருந்து. இத்தாலியத் துறைமுகமான பிருண்டிசியம் போகும் வழியில் புயல். கப்பலில் ஏதென்ஸைச் சேர்ந்த பெயர்பெற்ற ஸ்டோயிக் ஒருவர் இருந்தார். புலம்பவில்லை, ஆனால் முகம் வெளுத்துவிட்டது. புயல் ஓய்ந்ததும் ஒரு பணக்காரர் அவரைக் கேலி செய்தார். பிறகு கெல்லியஸ் தனியாகக் கேட்டபோது, அவர் மூட்டையிலிருந்து எபிக்டெட்டஸின் உரைத்தொகுப்பில் ஐந்தாம் பகுதியை எடுத்துக் கொடுத்தார். இடி இடித்தால் ஞானிக்கும் ஒரு கணம் தூக்கிவாரிப்போடும், முகம் வெளுக்கும், அது அவன் கையில் இல்லை. ‘ஆமாம், இது பயங்கரம்தான்’ என்று அதற்குத் தலையாட்டுவதா வேண்டாமா என்பதுதான் அவன் கையில் இருக்கிறது. அந்தப் பகுதி இன்று நம்மிடம் இல்லை. கெல்லியஸ் எழுதி வைத்ததால் இந்தக் கருத்து தப்பியது.

பிறகு, விதி. எல்லாம் இயற்கையின் ஏற்பாடு என்றால் கையைக் கட்டிக்கொண்டு உட்காரலாமே, எல்லாம் தலையெழுத்து! அந்தக் காலத்திலேயே இதற்குச் ‘சோம்பேறி வாதம்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். பிழைப்பது விதி என்றால் வைத்தியரைக் கூப்பிட்டாலும் கூப்பிடாவிட்டாலும் பிழைப்பாய் என்பது அந்த வாதம். பிழைப்பது விதி என்றால் வைத்தியரைக் கூப்பிடுவதும் அந்த விதியோடு பின்னியதுதான் என்பது கிரைசிப்பஸின் பதில், ரோம எழுத்தாளர் சிசரோ அதைப் பதிவு செய்திருக்கிறார். இன்னொருவர் துன்பத்தைப் பார்த்து ‘இது இயற்கையின் ஏற்பாடு, ஏற்றுக்கொள்’ என்று உபதேசம் செய்ய இதைப் பயன்படுத்துவது எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. பேரரசர் மார்கஸ் தன் தத்துவக் குறிப்புகளை எழுதியது தனக்குத்தான், அடுத்தவருக்கு உபதேசிக்க அல்ல.

கடைசியாக ஒன்று, இதில் அறிஞர்களே ஒத்துப்போவதில்லை. எந்த இயற்கை? ஸீனோவின் மாணவர் கிளியாந்தஸ் பிரபஞ்சத்தின் பொது இயற்கையை மட்டும் சொன்னார். கிரைசிப்பஸ் அதையும் மனித இயற்கையையும் சேர்த்துச் சொன்னார். நம் இயற்கை முழுமையின் ஒரு பகுதி என்பது அவர் கணக்கு. அந்த முழுமை அறிவுள்ளது, தெய்வமே அது. இன்றைய வாசகர்கள் பலர் தெய்வத்தைக் கழற்றிவிட்டு, ‘நடப்பதை நேசி’ என்பதை மட்டும் வைத்துக்கொள்கிறார்கள். 1886இல் ஜெர்மன் தத்துவஞானி நீட்சே வைத்த இடி சரியாக இங்கேதான் விழுகிறது: இயற்கை கணக்கில்லாமல் விரயம் செய்யும், இரக்கமோ நீதியோ இல்லாதது, அதன்படி எப்படி வாழ்வீர்கள்?

கிரைசிப்பஸின் ஒரு கூற்றை எபிக்டெட்டஸ் எடுத்தாள்கிறார். வரப்போவது தெரியாதவரை ஆரோக்கியம் போன்ற இயற்கைக்கு ஏற்றவற்றையே தேர்ந்தெடுப்பேன்; நோய்தான் எனக்கு விதித்தது என்று உறுதியாகத் தெரிந்தால் அதையே நாடுவேன்; காலுக்கு அறிவிருந்தால் அதுவும் சேற்றில் இறங்கவே விரும்பும். கால் சேற்றில் இறங்குவதற்குப் பொருள் இருப்பது, எங்கோ போகிற ஒருவரின் கால் என்பதால்தான். போகிறவரே இல்லை என்று முடிவு செய்தவர்கள் மனித இயற்கையை மட்டும் வைத்துக்கொண்டு, பகுத்தறிவு, சக மனிதர் மீது அக்கறை என்ற அளவில் இந்த நெறியைக் கடைப்பிடிக்கலாம், அதில் தவறில்லை. சேற்றை விரும்பச் சொல்லும் வரியை மட்டும் அவர்கள் கடன் வாங்கக் கூடாது.