சுவரில் உட்கார்ந்திருக்கும் பெரிய அந்துப்பூச்சி எது? இறக்கையை வைத்துக் கண்டுபிடிக்கலாம்

மழை விட்ட ராத்திரியில் வாசல் விளக்கடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பூச்சி வந்து ஒட்டிக்கொண்டால், கையிலிருக்கும் துடைப்பத்தை முதலில் கீழே வையுங்கள். அது கடிக்காது, கொட்டாது. நம் மலையோர ஊர்களில் இப்படி வருபவற்றில் அட்லஸ், டசர், நிலா, ஆந்தை என்ற நாலு அந்துப்பூச்சிகளைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் ஆரம்பத்துக்குப் போதும்.

முதல் வேலை, படம். நேர் எதிரே நின்று நாலு இறக்கையும் தெரிய ஒன்று, தலை தெரியக் கிட்டத்தில் ஒன்று. சாதாரண செல்போனே போதும். ஆனால் ஃபிளாஷை அணைத்துவிட்டு, டார்ச்சைப் பக்கவாட்டில் பிடியுங்கள். காரணம் பின்னால் வருகிறது.

அடுத்து தலையில் நீட்டிக்கொண்டிருக்கும் உணர்கொம்பைப் பாருங்கள். நூல் மாதிரி மெல்லியதாக இருந்து, கரும்பழுப்பு இறக்கையில், முன் ஜோடியில் மட்டும் கண் போன்ற பெரிய புள்ளி இருந்தால் அது ஆந்தை அந்துப்பூச்சி (எரிபஸ்). உணர்கொம்பு இறகு மாதிரி இருந்தால் காட்டுப் பட்டுப்பூச்சிக் குடும்பம். அதில் வெளிர்பச்சையாக, பின் இறக்கையில் நீண்ட வாலோடு இருப்பது நிலா. மிச்சம் அட்லஸும் டசரும்.

இந்த இடத்தில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். இரண்டுக்குமே நாலு இறக்கையிலும் வெளிறிய திட்டுகள் உண்டு. அவை வண்ணம் அல்ல, ஜன்னல்கள். அந்த இடத்தில் இறக்கையை மூடும் தூள் போன்ற செதில்களே கிடையாது, கண்ணாடி மாதிரி வெறும் சவ்வுதான். வெள்ளைச் சுவரில் பூச்சி உட்கார்ந்தால் வெள்ளைப் புள்ளியாகத் தெரியும், ஃபிளாஷ் அடித்தால் பளீரென்று மின்னி வடிவமே கலைந்துவிடும். டார்ச்சை மெல்ல நகர்த்திப் பாருங்கள். பின்னாலிருக்கும் சுவரின் காரை வெடிப்பு அதன் வழியே தெரிந்தால் ஜன்னல் என்று உறுதி.

இப்போது அந்த ஜன்னலின் வடிவத்தைப் பாருங்கள். சுற்றிலும் வண்ண வளையத்தோடு வட்டமாக, கண் போல இருந்தால் டசர். முக்கோணமாக இருந்தால் அட்லஸ். அட்லஸின் முன் இறக்கை நுனி வளைந்து பாம்புத் தலை போல இருக்கும், அதையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அளவை மட்டும் நம்பி முடிவு செய்யாதீர்கள். அட்லஸ் இறக்கை விரித்தால் 24 செ.மீ. வரை போகும் என்றாலும் ஆண் பூச்சிகள் சிறியவை.

அட்லஸ் என்று தெரிந்ததும் 'அட்டாகஸ் அட்லஸ்' என்று அறிவியல் பெயரை எழுதிவிட வேண்டாம். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் இருப்பது அதன் நெருங்கிய உறவான 'அட்டாகஸ் டப்ரோபேனிஸ்'. அதனால் பார்த்த ஊரையும் தேதியையும் சேர்த்தே குறித்து வையுங்கள். படத்தைப் பதிவேற்ற நான் சொல்வது, உயிரினங்களை அடையாளம் காண உதவும் ஐநேச்சுரலிஸ்ட் (iNaturalist) செயலிதான். செயலி காட்டும் முதல் பெயரை அப்படியே ஏற்காமல் மேலே சொன்ன அடையாளங்களோடு ஒப்பிடுங்கள்.

பின்சேர்க்கை: வாலே இல்லாத பச்சைப் பூச்சி எது என்று சிலர் கேட்டிருந்தீர்கள். பெரும்பாலும் அது வால் ஒடிந்த நிலாதான். முன் இறக்கையின் மேல் விளிம்பில் கருஞ்சிவப்புக் கோடும், உடம்பில் வெள்ளை ரோமமும் இருக்கிறதா என்று பாருங்கள். இன்னொன்று, அட்லஸுக்குச் சர்க்கரைத் தண்ணீர் வைக்க வேண்டாம். வளர்ந்த பூச்சிக்குச் சாப்பிட வாயே கிடையாது, இருக்கும் சில நாளில் இணை தேடி முட்டையிட வேண்டும். படம் எடுத்ததும் விளக்கை அணைத்துவிடுங்கள், அது தன் வழியே போகட்டும்.