உள்ளே நடந்து பார்க்கும் கலை: பெரும் நிறுவல்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு கதையைச் சுவரில் மாட்டாமலும் மேடையில் நடித்துக் காட்டாமலும், பார்வையாளர் தாமே உள்ளே நுழைந்து நடந்து, தொட்டு, கேட்டு அறிந்துகொள்ளும்படி ஓர் இடமாகவே கட்டியெழுப்பும் நிறுவல் கலைக்கு இன்று உலகெங்கும் பெரிய வரவேற்பு இருக்கிறது. அதனால் இதுவரை ஓவியமோ நாடகமோ மட்டும் செய்துவந்த குழுக்களும் ஆயிரக்கணக்கான சதுர அடியில் இதைச் செய்து பார்க்க முன்வருகின்றன. அப்படி முன்வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே வகையான தவறுகளைத்தான் செய்கிறார்கள். அவற்றுள் சில, பார்வையாளரை ஏமாற்றத்தோடு வீட்டுக்கு அனுப்பும். வேறு சில, உயிர்களையே பறித்திருக்கின்றன.

மிகப் பரவலான தவறு, அளவையே வியப்பு என்று எண்ணிக்கொள்வது. வியப்பை மருட்கை என்று அழைக்கும் தொல்காப்பியம், அது புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்னும் நான்கிலிருந்து பிறக்கும் என்கிறது. மிகச் சிறியதும் ஒன்று வேறொன்றாக மாறுவதும் கூட அறிவைத் திகைக்கச் செய்யும் என்று வகுத்த அந்தப் பட்டியலில் பெருமை ஒரு கூறு மட்டுமே. இருந்தும் நிறுவலுக்குத் திட்டமிடுவோர் முதலில் பேசுவது அடிக்கணக்கைத்தான். 2015ஆம் ஆண்டு துர்கா பூஜையின்போது கொல்கத்தாவின் தேசப்ரிய பூங்காவில் 88 அடி உயரத் துர்கை எழுப்பப்பட்டு, உலகிலேயே பெரியது என்று நகரெங்கும் விளம்பரம் செய்யப்பட்டது. பஞ்சமி நாளிலேயே கூட்டம் கட்டுக்கடங்காமல் திரண்டு நெரிசல் ஏற்பட, காவல்துறை பொதுமக்கள் பார்வையை நிறுத்திவிட்டது. அந்தச் சிலையை வடித்தவர்களின் உழைப்பைக் குறைத்துச் சொல்வது என் நோக்கமன்று. ஆனால் எண்ணை மட்டுமே சொல்லி மக்களை அழைத்தால், அந்த எண்ணைக் கண்ணால் சரிபார்ப்பதைத் தவிர வந்தவர்களுக்கு அங்கே வேறு வேலை இருக்காது.

சிறுமையிலிருந்து வியப்பு பிறக்க முடியும் என்பதற்குச் சீனக் கலைஞர் ஐ வெய்வெய் 2010 அக்டோபரில் லண்டன் டேட் மாடர்ன் அருங்காட்சியகத்தின் டர்பைன் கூடத்தில் செய்தது நல்ல சான்று. அவர் அங்கே 10 கோடி சூரியகாந்தி விதைகளைப் பரப்பினார். அவை அனைத்தும் பீங்கானில் செய்யப்பட்டு, ஜிங்தெசென் நகரத்துக் கைவினைஞர்களால் ஒவ்வொன்றாகத் தீட்டப்பட்டவை. தொலைவிலிருந்து பார்த்தால் வெறும் சாம்பல் நிறத் தரையாகத் தெரிவது, குனிந்து ஒரு விதையைக் கையில் எடுத்தவுடன் யாரோ ஒருவர் இழுத்த தூரிகைக் கோடாக மாறிவிடும்; அந்தக் கணத்தில்தான் தரை முழுவதும் மனித உழைப்பு என்பது உறைக்கும்.

அதே படைப்பே அடுத்த தவறுக்கும் சான்றாக நிற்பது வருத்தத்துக்குரியது. விதைகளின் மேல் நடக்கவும் படுக்கவும் அனுமதிக்கப்பட்ட மக்கள் ஆயிரக்கணக்கில் வந்து நடக்க, பீங்கான் உராய்ந்து நுண்தூசி எழுந்தது. அது நுரையீரலுக்குத் தீங்கானது என்பதால் சில நாட்களிலேயே உள்ளே நடப்பது தடைசெய்யப்பட்டு, மக்கள் ஓரத்தில் நின்று பார்க்க நேர்ந்தது. குனிந்து எடுப்பதே உயிராக இருந்த படைப்பில் குனிய முடியாமல் போனது. ஒரு பொருளைப் பத்துப் பேர் தொடும்போது எப்படி இருக்கிறது என்று சோதிப்பது போதாது; பத்தாயிரம் பேர் மிதித்தால், வியர்வைக் கையால் தொட்டால், மழையில் நனைந்த செருப்போடு ஏறினால் என்ன ஆகும் என்றும் திறப்புக்கு முன்பே பார்த்தாக வேண்டும். கண்ணை ஏமாற்றும் படைப்புகளில் இந்த எச்சரிக்கை இன்னும் கூடுதலாகத் தேவை. ஒளியை மட்டும் கொண்டு திடமான சுவர் போன்ற தோற்றத்தை உண்டாக்கும் ஜேம்ஸ் டரலின் 1980ஆம் ஆண்டு நியூயார்க் கண்காட்சியில், இல்லாத சுவரில் சாய்ந்து விழுந்தவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். கண் நம்பியதை உடலும் நம்பிவிடும் என்பதைத் திட்டமிடும்போதே கணக்கில் கொள்ள வேண்டும்.

எல்லாவற்றிலும் எனக்கு மிகுந்த கவலை தருவது காற்று. திறந்த வெளியில் துணியும் பிளாஸ்டிக் தாளும் கொண்டு கட்டப்படும் எதுவும் அடிப்படையில் ஒரு பாய்மரம்தான். காற்றின் வேகம் இரு மடங்கானால் அது தரும் அழுத்தம் நான்கு மடங்காகும் என்பதால், நேற்று அசையாமல் நின்ற அமைப்பு இன்று சற்றுக் கூடுதலான காற்றில் பெயர்ந்துவிடக்கூடும். கிறிஸ்டோவும் ஜான் கிளாடும் 1991ஆம் ஆண்டு ஜப்பானிலும் கலிபோர்னியாவிலுமாக 3,100 பெருங்குடைகளை நட்டார்கள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 6 மீட்டர் உயரமும் 200 கிலோ எடையும் கொண்டது. கலிபோர்னியாவில் பலத்த காற்றில் ஒரு குடை பெயர்ந்து, பார்க்க வந்திருந்த ஒரு பெண்ணின் உயிரைப் பறித்தது. உடனே குடைகளை மூடும்படி கலைஞர்கள் சொல்லிவிட்டார்கள். ஆனால் ஜப்பானில் அவற்றைக் கழற்றும் வேலையின்போது கிரேன் உயர் அழுத்த மின்கம்பியில் பட, ஒரு தொழிலாளி இறந்தார். அந்த இரண்டாவது மரணத்தைப் பற்றிப் பேசுவோர் குறைவு. கட்டுவதற்கு மாதக்கணக்கில் திட்டமிடுபவர்கள் பிரிப்பதற்கு ஒரு நாள்கூட ஒதுக்காமல், களைத்துப்போன ஆட்களைக் கொண்டு அவசரமாகக் கழற்றுவது எங்கும் நடக்கிறது.

2006 ஜூலையில் இங்கிலாந்தின் செஸ்டர்-லீ-ஸ்ட்ரீட் பூங்காவில் நடந்தது இதைவிடக் கொடியது. மாரிஸ் ஏகிஸ் உருவாக்கிய ட்ரீம்ஸ்பேஸ், காற்றடைத்த பல நிற அறைகளால் ஆன ஒரு பெரும் கூடு; மக்கள் அதற்குள் நடந்து, வண்ண ஒளியில் மூழ்கி, இசையைக் கேட்கலாம். அது கட்டுகள் அறுந்து, உள்ளே ஆட்கள் இருக்கும்போதே வானில் எழும்பிக் கவிழ்ந்தது. இரண்டு பெண்கள் இறந்தார்கள், பலர் காயமடைந்தார்கள். நீண்ட காலம் அன்போடு செய்த வேலை அப்படி முடிந்தது. நம் நாட்டில் காற்றுச் சுமையைக் கணக்கிட ஐஎஸ் 875 என்னும் தரவிதியின் மூன்றாம் பகுதி இருக்கிறது. அதைப் படித்துக் கணக்கிட்டு, எத்தனை நங்கூரம், எவ்வளவு ஆழம் என்று எழுதிக் கையெழுத்திடக்கூடிய கட்டமைப்புப் பொறியாளர் இல்லாமல் வெளியில் எதையும் நிறுத்தக் கூடாது. எந்தக் காற்று வேகத்தில் மக்களை வெளியேற்ற வேண்டும் என்பதையும், அந்த முடிவை எடுப்பவர் யார் என்பதையும் முன்னரே தீர்மானித்திருக்க வேண்டும்.

உட்புறத்தில் காற்றின் இடத்தை நெருப்பு பிடித்துக்கொள்கிறது. 2016 டிசம்பரில் கலிபோர்னியாவின் ஓக்லாந்தில், கலைஞர்கள் வாழ்ந்து வேலை செய்துவந்த ஒரு கிடங்கில் இசை நிகழ்ச்சி நடந்தபோது தீப்பற்றி 36 பேர் இறந்தார்கள். பழைய மரச் சாமான்களும் கலைப்பொருட்களும் புதிர்ப்பாதை போல நிறைந்திருந்த அந்த இடத்தில் நீர்தெளிப்பான்கள் இல்லை. வழி தெரியாமல் அலைவது நிறுவலின் இன்பமாக இருக்கலாம். விளக்கு அணைந்தவுடன் வாசல் தெரியாமல் போவதற்கு அது காரணமாகிவிடக் கூடாது. தெர்மோகோல், துணி, காகிதம், மின்கம்பி ஆகிய நான்கும் ஒரே இடத்தில் சேரும் பந்தல்களைக் கட்டும் நமக்கு இதை விரித்துச் சொல்லத் தேவையில்லை.

இனிக் கதைக்கு வரலாம். நாவலாசிரியர் பக்கங்களின் வரிசையை நம்பலாம், நாடக இயக்குநர் காட்சிகளின் வரிசையை நம்பலாம்; நிறுவலில் வரிசை பார்வையாளரின் காலடியில் இருக்கிறது. இதை மறந்து, முதல் அறை தொடங்கி ஏழாம் அறை வரை விளக்கப் பலகைகளை நட்டுக் கதை சொல்பவர்கள், படிக்க நேரமில்லாதவரையும் குழந்தையையும் கதைக்கு வெளியே நிறுத்திவிடுகிறார்கள். அமெரிக்காவின் சாண்டா ஃபே நகரில் மியாவ் வுல்ஃப் குழு, பழைய பௌலிங் கூடம் ஒன்றில் 2016ஆம் ஆண்டு திறந்த நிறுவலைப் பாருங்கள். உள்ளே நுழைந்தவுடன் கண்ணில் படுவது ஓர் இயல்பான இரண்டடுக்கு வீடு. அங்கே வாழ்ந்த குடும்பம் எங்கே போனது என்று யாரும் சொல்வதில்லை. கடிதங்களும் நாட்குறிப்புகளும் அங்கங்கே கிடக்கின்றன. குளிர்சாதனப் பெட்டியின் கதவைத் திறந்தால் அதன் வழியே வேறோர் உலகத்துக்குப் போகலாம். ஒரு தாளையும் படிக்காதவருக்கும் அங்கே வியப்பு உண்டு, நான்கு மணி நேரம் துருவுபவருக்கு ஒரு குடும்பத்தின் கதை உண்டு.

அந்தக் குளிர்சாதனப் பெட்டி எல்லார் வீட்டிலும் இருப்பது என்பதை நகலெடுப்பவர்கள் கவனிப்பதில்லை. நுழைவாயிலிலேயே டிராகன், ஒளிவெள்ளம், முழக்கம் என்று அனைத்தையும் கொட்டிவிட்டால், அதற்குப் பின் மாறுவதற்கு எதுவும் மிஞ்சாது. வெயில் காயும் வெளிப் பிரகாரத்திலிருந்து படிப்படியாக ஒளி குறைந்து, கூரை தாழ்ந்து, கடைசியில் ஒரு சிறிய இருட்டறையில் ஒற்றை விளக்குச் சுடர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தும் கோயில்களில் வளர்ந்த நமக்கு, வாசலுக்கும் மையத்துக்கும் நடுவே உள்ள நடை எவ்வளவு வேலை செய்கிறது என்பது உடலறிவாகவே தெரிந்திருக்க வேண்டும்.

கருவியை முதலில் வாங்கிவிட்டுக் கதையைப் பிறகு தேடுவது பணமுள்ள குழுக்களின் தவறு. டீம்லேப் குழு 2018ஆம் ஆண்டு டோக்கியோவின் ஒடைபாவில் திறந்த கூடத்தில் 520 கணினிகளும் 470 புரொஜெக்டர்களும் இருந்தன என்ற செய்தியைப் படித்தவர்கள் புரொஜெக்டர்களை எண்ணுகிறார்கள். அங்கே தொட்டவுடன் பூ உதிர்ந்ததையும், ஓர் அறையின் உருவங்கள் அடுத்த அறைக்கு நடந்து போனதையும் எண்ணுவதில்லை. கருவிக்கு அதன் வரம்பும் உண்டு. ரேண்டம் இன்டர்நேஷனல் குழு 2012ஆம் ஆண்டு லண்டனில் முதன்முதலாகக் காட்டிய மழை அறையில், கேமராக்கள் நம்மைக் கண்டறிந்து நாம் நிற்கும் இடத்தில் மட்டும் மழையை நிறுத்தும். வேகமாக நடந்தால் நனைவோம். கருமையான அல்லது பளபளக்கும் ஆடையைக் கருவி சரியாக உணராமல் போகலாம். மெதுவாக நடக்க வேண்டும் என்ற அந்தக் கட்டாயமே அங்கே ஒரு தியானமாக மாறியது அவர்களின் திறமை.

அந்த அறைக்கு மக்கள் மணிக்கணக்கில் வரிசையில் நின்றார்கள். ஜப்பானியக் கலைஞர் யாயோய் குசாமாவின், சுற்றிலும் முகம் பார்க்கும் கண்ணாடி பதித்த அறைகளுக்கும் அப்படித்தான். காத்திருந்தபின் உள்ளே கிடைப்பது பல இடங்களில் அரை நிமிடம். ஒரு நேரத்தில் எத்தனை பேர், எவ்வளவு நேரம் என்ற கணக்கு மேலாளருக்கு உரியது என்று கலைஞர் ஒதுங்கிவிடக் கூடாது. வரிசையில் நிற்பதும் படைப்பின் முதல் அத்தியாயமே.

வெற்றிடத்தைக் கண்டு அஞ்சுவதும் ஒரு தவறு. ஒலாஃபர் எலியாசன் 2003ஆம் ஆண்டு அதே டர்பைன் கூடத்தில் வைத்தது, அரைவட்ட விளக்குகள், கூரை முழுக்கக் கண்ணாடி, சிறிது செயற்கை மூடுபனி, அவ்வளவுதான். கண்ணாடியில் அரைவட்டம் முழுச் சூரியனானது. பின்பக்கம் போய்ப் பார்த்தால் விளக்கும் கம்பியும் வெளிப்படையாகத் தெரிந்தன. அதனால் எவருடைய வியப்பும் குறையவில்லை. 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்தார்கள். தரையில் படுத்து, மேலே தெரிந்த தங்கள் பிம்பத்தைத் தேடினார்கள்.

பிறருடைய துயரத்தைக் கதையாக எடுக்கும்போது இந்த அடக்கம் கடமையாகவே ஆகிறது. 2016 கொச்சி-முசிறிஸ் பினாலே என்னும் கலைக் கண்காட்சியில் சிலி நாட்டுக் கவிஞர் ரவுல் சூரிட்டா, ஆஸ்பின்வால் மாளிகையின் நீண்ட கிடங்கு ஒன்றில் கடல்நீரை நிரப்பினார். செருப்பைக் கழற்றிவிட்டு அந்த நீரில் நடந்தே போக வேண்டும். பக்கச் சுவர்களில் சில கேள்விகள் மட்டும் எழுதப்பட்டிருந்தன. 2015இல் கடலில் மூழ்கி இறந்த சிரியச் சிறுவன் ஆலன் குர்தியின் படத்தை உலகமே பார்த்தது. அவனோடு இறந்த அண்ணன் காலிப்புக்கு அப்படி ஒரு படம் இல்லை. அந்த அறை காலிப்புக்கானது. சூரிட்டா அவனுடைய உருவத்தை வரையவுமில்லை, படகைச் செய்து வைக்கவுமில்லை, அலையோசையை ஒலிபரப்பவுமில்லை. நீரின் மறுகரையில் சுவரில் ஒரு கவிதை இருந்தது. படித்து முடித்தவர்கள் அதே நீரில் இறங்கித்தான் திரும்பி வர வேண்டியிருந்தது.