பழைய டிவைஸ் ட்ரீ உடையாமல் பைண்டிங்கை மாற்றும் முறை

ராணிப்பேட்டைத் தோல் ஆலைகளின் பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் ஒன்றில், நீரின் அமிலத்தன்மையை அளக்கும் லினக்ஸ் பலகை ஒன்று பொருத்தப்பட்டிருப்பதாகக் கொள்வோம். எந்த முகவரியில் எந்தச் சாதனம் இருக்கிறது, அதற்கு எந்த க்ளாக் (கடிகாரத் துடிப்பு), எந்த இன்டரப்ட் (குறுக்கீட்டுச் சமிக்ஞை) என்று லினக்ஸின் மையமான கெர்னலுக்குச் சொல்லும் வன்பொருள் விவரணையே டிவைஸ் ட்ரீ. அதன் தொகுக்கப்பட்ட இருமவடிவான டிடிபி கோப்பு பலகையின் ஃபிளாஷ் நினைவகத்தில் ஒருமுறை எழுதப்பட்டுவிட்டது. அதன்பின் புதுப்பிக்கப்படுவது கெர்னல் மட்டுமே. ஆகவே காட்பாடியில் அமர்ந்து அந்தச் சென்சாரின் டிரைவரை, அதாவது கெர்னலில் அதை இயக்கும் நிரலைத் திருத்துபவர், தம் மேசையிலுள்ள டிடிஎஸ் கோப்பை (டிடிபியின் மூலவடிவை) அல்ல, ஆலையிலுள்ள பழைய டிடிபியையே அளவுகோலாகக் கொள்ள வேண்டும். ஒரு சாதனத்தை டிவைஸ் ட்ரீயில் எந்தப் பண்புகளால் விவரிக்க வேண்டும் என்ற விதியே பைண்டிங். லினக்ஸ் கெர்னலின் ஆவணங்களும் அதை நிலையான இடைமுகமாகவே கருதுகின்றன: புதிய பண்புகளைச் சேர்க்கலாம், இருக்கும் பண்பின் பொருளை மாற்றக் கூடாது.

பெரும்பாலான உடைப்புகள் நிகழுமிடம் புதிய பண்பைச் சேர்ப்பதுதான். பழைய டிடிபியில் அந்தப் பண்பு இருக்காது. இல்லாதபோது டிரைவர் முன்பு நடந்துகொண்டபடியே நடக்க வேண்டும். எண் மதிப்புள்ள பண்பானால், படிப்பதற்கு முன்பே மாறியில் பழைய இயல்பு மதிப்பை இட்டுவையுங்கள். கெர்னலின் படிக்கும் செயற்கூறு, பண்பு கிடைக்காவிட்டால் மாறியைத் தொடாமல் பிழை எண்ணை மட்டும் திருப்பித் தரும். ஆம்-இல்லை என்று மட்டும் சொல்லும் பூலியன் பண்பில் கூடுதல் கவனம் வேண்டும், ஏனெனில் அது இல்லாமையே 'இல்லை' என்று பொருள்படும். சென்சாரின் வடிகட்டி இதுவரை எப்போதும் இயங்கிவந்தது என்றால், 'வடிகட்டியை இயக்கு' என்ற பண்பைச் சேர்த்த அன்றே பழைய பலகைகள் அனைத்திலும் அது அணைந்துபோகும். 'வடிகட்டியை அணை' என்ற பண்பே சரியானது. புதிதாக ஒரு க்ளாக் தேவைப்பட்டால், அதை விருப்பத்திற்குரியதாகக் கேட்கும் செயற்கூறைப் பயன்படுத்துங்கள்.

பண்பின் பெயர் மாற்றத்தை நம் மாவட்டத்தைக் கொண்டே விளக்கலாம். வட ஆற்காடு மாவட்டம் 1989-இல் பிரிந்தது. 2019-இல் வேலூர் மாவட்டமும் மூன்றானது. ஆயினும் 'வட ஆற்காடு மாவட்டம்' என்று எழுதிய பழைய கிரயப் பத்திரம் இன்றும் செல்லும். பழைய பண்புப் பெயரும் அப்படியே செல்ல வேண்டும். பழைய பண்பு மில்லிசெகண்டில் காத்திருப்பு நேரத்தைச் சொல்கிறது, புதியது மைக்ரோசெகண்டில் சொல்கிறது என்று கொண்டால், டிரைவர் முதலில் புதியதைத் தேடி, கிடைக்காதபோது பழையதைப் படித்து 1000-ஆல் பெருக்கிக்கொள்ள வேண்டும். பைண்டிங் எழுதப்பட்டுள்ள யாமல் கோப்பில் பழைய பண்பை நீக்காமல் 'டிப்ரிகேட்டட்' (இனிப் பயன்படுத்த வேண்டாதது) என்று குறியுங்கள்.

க்ளாக், இன்டரப்ட், ரெக் (சாதனத்தின் முகவரி) முதலிய பட்டியல்களின் வரிசையும் வாக்குறுதிதான். புதிய உறுப்பு எப்போதும் கடைசியில்தான் வர வேண்டும். ஸ்கீமாவில், அதாவது யாமல் கோப்பிலுள்ள சரிபார்ப்பு விதிகளில், குறைந்தபட்ச எண்ணிக்கை பழையபடியே இருக்கட்டும். எண்களுக்குப் பெயர் சூட்டும் டிடி-பைண்டிங்ஸ் ஹெடர் கோப்புகளிலுள்ள எண்களை அழகுக்காக வரிசைமாற்றுவது மிக ஆபத்தானது, ஏனெனில் டிடிபிக்குள் அந்தப் பெயர் இல்லை, எண் மட்டுமே பதிந்திருக்கிறது.

சிப்பே மாறினால், டிரைவரைச் சாதனத்தோடு பொருத்தும் 'கம்பேட்டிபிள்' பண்பில் புதிய பெயர் கொடுங்கள். பழைய டிரைவர் எந்தத் திருத்தமும் இல்லாமல் புதிய சிப்பை இயக்குமென்றால் மட்டும், புதிய பெயரை முதலிலும் பழைய பெயரை அதன் பின்னும் எழுதலாம். கட்டாயமாக வேண்டிய புதிய பண்புகளையும் புதிய பெயருக்கு மட்டுமே விதிக்க வேண்டும்.

திருத்தங்களைப் பேட்ச்களாகக் கெர்னல் பராமரிப்பாளர்களுக்கு அனுப்பும்போது பைண்டிங் முதலிலும், டிரைவர் அடுத்தும், டிடிஎஸ் அதன் பின்னும் தனித்தனியாக அமையட்டும். டிரைவரும் டிடிஎஸ்ஸும் பெரும்பாலும் வெவ்வேறு பராமரிப்பாளர்களின் மூலநிரல் மரங்கள் (களஞ்சியங்கள்) வழியே செல்வதால், ஒன்று மட்டும் முதலில் சேர்ந்தாலும் பலகை இயங்க வேண்டும். 'டிடி பைண்டிங் செக்', 'டிடிபிஎஸ் செக்' என்னும் இரண்டு மேக் கட்டளைகளும் ஸ்கீமாப் பிழைகளைக் காட்டும். டிரைவர் பழைய டிடிபியை ஏற்குமா என்பதை அவை சொல்வதில்லை.

அதைப் பலகையில்தான் பார்க்க வேண்டும். இயங்கும் பலகையில், கெர்னல் தன் தகவல்களைக் கோப்புகளாகக் காட்டும் சிஸ்எஃப்எஸ்ஸில், ஃபர்ம்வேர் கோப்புறைக்குள் உள்ள எஃப்டிடி கோப்பை (அதுவே பலகை பெற்ற டிடிபி) நகலெடுத்து, டிடிசி கருவியால் மூலவடிவுக்குத் திருப்பி, களத்தில் உண்மையில் என்ன இருக்கிறது என்று படியுங்கள். பிறகு கெர்னலை ஏற்றித் தொடங்கும் நிரலான யூ-பூட்டில் புதிய கெர்னலுடன் அந்தப் பழைய டிடிபியின் முகவரியைக் கொடுத்து இயக்குங்கள். சென்சார் எழவில்லையென்றால் திருத்தம் டிரைவரில் வர வேண்டும். உடைப்பைத் தவிர்க்கவே முடியாத நிலையில், எந்தப் பலகைகள் பாதிக்கப்படும், ஏன் என்பதைப் பேட்சுடன் செல்லும் விளக்கமான கமிட் செய்தியிலேயே வெளிப்படையாக எழுதுங்கள்.