கடைசி ரீலில் முளைக்கும் கொலைகாரன்: த்ரில்லர் எழுதுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

த்ரில்லர் கதையோடு வரும் புது எழுத்தாளர்களிடம் ஒரே விதமான சறுக்கல்களைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். சிசிடிவியை மறப்பது, செல்போன் சிக்னலை மறப்பது மாதிரியானவற்றை இங்கே பேசப் போவதில்லை. ஸ்கிரிப்டைப் படிக்கும் முதல் ஆளே அதைப் பிடித்துவிடுவார். யார் கண்ணிலும் படாமல் ஷூட்டிங் வரை போய்ச் சேரும் தவறுகள் வேறு.

முன்பின் தெரியாத கொலைகாரன்

இன்றும் எனக்கு எரிச்சல் தருவது இதுதான். ஒன்றரை மணி நேரம் நான்கு பேர் மேல் சந்தேகப்பட வைப்பார்கள். க்ளைமாக்ஸில் ஐந்தாவதாக ஒருவன் வருவான். அவன் ஏன் கொன்றான் என்று சொல்ல நீளமான ஃப்ளாஷ்பேக், சின்ன வயதில் பட்ட கொடுமை, எரியும் வீடு. பார்ப்பவருக்கு அவன் மேல் கோபமும் வராது, பரிதாபமும் வராது. அவனோடு பழகவே இல்லையே!

ஆங்கிலத் துப்பறியும் கதை எழுத்தாளர் ரொனால்ட் நாக்ஸ் 1929-இல் துப்பறியும் கதைகளுக்குப் பத்து விதிகள் எழுதினார். குற்றவாளி கதையின் தொடக்கத்திலேயே வந்துவிட வேண்டும் என்பதுதான் அதில் முதல் விதி. மற்றதில் சிலவற்றை இன்று தாராளமாக மீறலாம். இதை மீறினால் படம் கையை விட்டுப் போகும்.

நான் உட்கார்ந்திருந்த ஒரு கதை டிஸ்கஷனில் கொலைகாரன் ஒரு டாக்டர். இரண்டாவது சீனிலேயே வந்துவிடுவார். எல்லாரும் கண்டுபிடித்துவிடுவார்கள் என்ற பயத்தில் இயக்குநர் டாக்டரை நல்லவராக்கி, கடைசிப் பக்கங்களில் பிணவறை ஊழியர் ஒருவரைக் கொலைகாரனாக்கினார். டாக்டருக்காகப் போட்ட லீடுகள் (துப்புகள்), அதாவது அவர் சொன்ன பொய், இரவில் வந்த போன், பூட்டிய அலமாரி எல்லாம் அநாதையாக நின்றன. கேட்டால், "அதெல்லாம் ரெட் ஹெர்ரிங் சார்" என்றார். வேண்டுமென்றே சந்தேகத்தைத் திசைதிருப்பப் போடும் பொய்த் துப்புதான் ரெட் ஹெர்ரிங். சரி, ஆனால் அதற்கும் பதில் வேண்டும். அந்தப் பொய்யை டாக்டர் எதற்காகச் சொன்னார்? கள்ள உறவா, பழைய கடனா? எதுவும் இல்லையென்றால் பார்ப்பவரை ஏமாற்றியதாகத்தான் ஆகும். எடிட்டிங்கில் உட்கார்ந்த பிறகுதான் இது உறைத்தது. பிணவறை ஊழியருக்காக முன்பகுதிக் காட்சிகளைத் திரும்ப எடுத்தார்கள். நடிகர்களின் தேதி, செட், யூனிட் எல்லாம் மறுபடியும். காகிதத்திலேயே முடித்திருக்க வேண்டிய வேலை!

இதைச் சொன்னால் உடனே, "ஹாலிவுட் படம் செவனில் கொலைகாரன் கடைசியில்தானே வருகிறான்?" என்று கேட்பார்கள். 1995-இல் வந்த அந்தப் படத்தின் தொடக்க டைட்டிலில் கொலைகாரனாக நடித்தவரின் பெயர்கூடக் கிடையாது. ஆனால் அவன் முன்பே வந்துவிடுகிறான். மாடிப்படியில் போட்டோ எடுக்கும் பத்திரிகைக்காரன் போல நிற்பான். இளைய டிடெக்டிவ் திட்டி விரட்டுவார். அதோடு, அந்தப் படம் 'யார்' என்ற கேள்வியை மட்டும் நம்பி ஓடவில்லை. ஏழு பெரும் பாவங்களை வைத்து வரிசையாகக் கொல்கிறான், அடுத்து எந்தப் பாவம் என்பதுதான் நம்மை உட்கார வைக்கிறது.

கொலைகாரனை மறைக்க நல்ல வழி, அவனுக்குக் கதையில் ஒரு வேலை கொடுப்பது. சாவி கொண்டு வருகிறவன், சாட்சி சொல்கிறவன், ஹீரோவுக்கு உதவுகிறவன். அந்த வேலை சுவாரஸ்யமாக இருந்தால் அவன் மேல் சந்தேகம் போகாது.

வேலையில்லாத பெரிய நடிகர்

முக்கால் படம் வரை சும்மா நிற்கும் உயர் அதிகாரிக்குப் பிரபலமான நடிகரைப் போட்டால், போஸ்டரிலேயே ட்விஸ்ட் போய்விடும்.

மனைவியை இழந்து குடிக்கும் அதிகாரி

வேண்டாம்.

எல்லாவற்றையும் முன்கூட்டியே கணித்த வில்லன்

போலீஸ் ஜீப் சரியாக இரண்டு நிமிடம் தாமதமாக வந்தால்தான் அவன் திட்டம் பலிக்கும் என்றால், அவனை மேதை என்று யாரும் நம்பமாட்டார்கள். திட்டம் ஓரிடத்தில் பிசகட்டும், அவன் தடுமாறட்டும். அப்போதுதான் அவனைப் பார்த்துப் பயம் வரும்.

இறந்தவரை வெறும் போட்டோவாக விடுவது

பெரும்பாலான ஸ்கிரிப்ட்களில் கொலையான பெண்ணுக்கு ஒரு பெயர், போர்டில் ஒரு போட்டோ, அவ்வளவுதான். 1960-இல் வந்த ஹிட்ச்காக் படம் சைக்கோவின் குளியலறைக் கொலை இன்றும் பதறவைக்கிறதே, அதில் கத்திக்கும் இசைக்கும் எவ்வளவு பங்கோ அவ்வளவு பங்கு அதற்கு முந்தைய காட்சிகளுக்கும் உண்டு. அதுவரை அந்தப் படமே கொலையாகும் பெண்ணின் கதை. 40,000 டாலரைத் திருடிக்கொண்டு ஓடுகிறாள், பயப்படுகிறாள், கடைசியில் திரும்பிப் போய்விடலாம் என்று முடிவெடுக்கிறாள். அதன் பிறகு சாகிறாள். உங்கள் கதையில் சாகப்போகிறவருக்கு இவ்வளவு நேரம் ஒதுக்க முடியாது. நாளைக்குச் செய்ய நினைத்த ஒரு வேலையையாவது அவருக்குக் கொடுங்கள். பாதியில் நின்ற அந்த வேலையே விசாரணைக்கு முதல் லீடாகவும் ஆகலாம்.